சுளுக்குக் குடும்பம்

மூத்த மகளுக்கு டீக் கரண்டி தூக்க முடியாமல் கனத்துப்போன அதே வாரத்தில், அவளுடைய தம்பி ஓர் இரும்பு பீரோவை இடது கையால் மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனான். வீட்டார் இரண்டாவது செய்தியை மட்டும் வெளியே சொன்னார்கள்.

அவர்களுக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில். ஒரு வீட்டுச் சாமானைக் கட்டி, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்கி, கண்ணாடியை அது முன்பு பார்த்துக்கொண்டிருந்த திசையிலேயே மாட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். தெரு முனையில் அலுவலகம், அதன் பின்னால் கொட்டகை, கொட்டகையில் லாரிகள், கயிறு, சாக்கு, மேசைக் கால்களுக்குச் சுற்றும் பழைய ரஜாய்ப் போர்வைகள். நிறுவனத்தைத் தொடங்கிய முதலாளி, அதாவது இந்தப் பிள்ளைகளின் அப்பா, வாலிபத்தில் பளிங்கு மேசையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தவர். அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் மழைக்கு அதன் அடியிலேயே ஒதுங்கியும் இருக்கிறார். ஆகவே எல்லா லாரிகளின் பக்கவாட்டிலும் ‘எங்கள் கையில் எதுவும் கனமில்லை’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. வாசகம் முதலாளியுடையது. எழுத்தின் அழகு மூத்த மகளுடையது, அவள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர்.

எந்த லாரி எங்கே போகவேண்டும், எந்தச் சாமானுக்கு யார் தலைப்பக்கம், யார் கால்பக்கம் என்று பிரித்துக் கொடுப்பது கடைக்குட்டி மகளின் வேலை. அவளை வீட்டிலும் கொட்டகையிலும் சின்னவள் என்றே அழைத்தார்கள். தலைப்பக்கம் பிடிப்பவன் பின்னோக்கி நடந்து போவான், அவனுக்கு வழி தெரியாது. கால்பக்கம் பிடிப்பவன்தான் படியைப் பார்த்துக் குரல் கொடுக்கவேண்டும். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேரை ஒரே பீரோவுக்கு அனுப்பக்கூடாது என்பது போன்ற விஷயங்கள் சின்னவளுக்கு அத்துப்படி. காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் அவள் செய்யும் முதல் காரியம் டெலிபோனைக் கையில் எடுத்து, யாரையும் கூப்பிடாமல், திரும்பக் கீழே வைப்பது. அக்காவுக்குக் கனம் வந்ததும், அண்ணனுக்கு லேசு வந்ததும் ஏறக்குறைய ஒரே வயதில். அந்த வயதை அவள் தொட்டுவிட்டாள். டெலிபோன் டெலிபோனாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்பாடா என்று மின்விசிறியைப் போடுவாள்.

அக்காவுக்கு முதலில் சாக்பீஸ்தான் கனத்தது. கரும்பலகையில் அவள் வரைந்த பூந்தொட்டிகள் எல்லாம் கீழே கீழே சரிந்து கடைசியில் தரைக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் குனிந்து பார்த்து வரைந்தார்கள். பிறகு தோடு கனத்தது, கழற்றி வைத்தாள். பிறகு போர்வை. போர்வைக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டு மத்தியானம் வரை கிடப்பாள், யாராவது வந்து தூக்கி எடுத்தால்தான் உண்டு. கரண்டி கனத்த அன்று அவள் டீயைக் கலக்காமல் குடித்தாள், சர்க்கரை முழுக்க அடியில் தங்கிவிட்டது. அத்தைக்கு அதுதான் பொறுக்கவில்லை. அத்தை என்றால் முதலாளியின் கூடப்பிறந்தவள், குடும்பத்தின் பேரைக் காப்பது அவள் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவளிடம் யாரும் ஒப்படைக்கவில்லை, அவளிடமிருந்து வாங்கவும் யாருக்கும் தைரியம் இல்லை.

கடைத்தெருத் தராசுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் தராசுக்காரனை அத்தை வரவழைத்தாள். கொட்டகையில் சாமான் எடைபோடும் பெரிய தராசையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஒழுங்கான பையன், சட்டைப்பையில் எடைக்கல் வைத்திருப்பதால் ஒரு தோள் சற்றே இறங்கி நடப்பான். அவன் கரண்டியை வாங்கி, துடைத்து, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசில் இட்டான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“கரண்டி கரண்டியாத்தாங்க இருக்கு” என்றான்.

“கேட்டியாடி?” என்றாள் அத்தை. “தராசு உனக்கு மாமனா மச்சானா, பொய் சொல்ல?”

தராசு சொன்னது உண்மை என்று மூத்தவளுக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுடைய கனம் சோம்பேறித்தனம் என்றும், பாவனை என்றும், படித்த திமிர் என்றும் ஆளுக்குத் தகுந்தபடி பெயர் பெற்றது. இறகு தூக்கிய பீரோவை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இறகு என்பது தம்பிக்குக் கூலிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். பெருமையான காரியத்துக்கு யார் தராசு தேடுவார்கள்?

வெளியே கேட்டவர்களுக்கு, மூத்தவளுக்குக் கையில் சுளுக்கு என்று சொல்லப்பட்டது. சுளுக்கு மாதக்கணக்கில் நீடித்ததால் அக்கம்பக்கத்தார் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல மனசுள்ள ஒருவர் எலும்பு வைத்தியரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மறுக்க வழியில்லை. வைத்தியர் கையைப் பிடித்துச் சுண்டி இழுத்த இழுப்பில் உண்மையாகவே சுளுக்கிக்கொண்டது. அதன் பிறகு குடும்பம் சொன்னது பொய்யில்லை என்றாயிற்று. அத்தை அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

இந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதில் அத்தைக்குச் சந்தேகமே இல்லை. லேசு தன் பிறந்த வீட்டுச் சொத்து, கனம் அண்ணி கொண்டுவந்த சீர். அண்ணியான அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே இதற்குப் பதில் சொல்வாள்: “எங்க வீட்ல யாரும் கரண்டியத் தூக்க முடியாமப் படுத்ததும் இல்ல, பீரோவத் தூக்கிட்டு ஓடுனதும் இல்ல. சாப்பிட்டோமா, கழுவி வச்சோமா, தூங்கினோமான்னு இருக்கிற ஜனங்க.” இதைச் சொல்லும்போது அவளுக்குத் தன் சித்தப்பா ஒருவர் கல்யாணத்தன்று மாலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டதும், அந்தக் கல்யாணம் நின்றுபோனதும் நினைவுக்கு வரும். அந்த வீட்டிலும் அதற்குச் சுளுக்கு என்றுதான் பெயர்.

இறகின் லேசான மாதங்களைப் பற்றித் தெரு முழுக்கக் கதை உண்டு. மற்றவர்கள் முதல் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு வீட்டைக் காலி செய்துவிடுவான். தூக்கம் தேவைப்படாது, சாப்பாடு நினைவிருக்காது, பேச்சு மட்டும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சோபாவில் கண்ணயர்ந்திருந்தபோது அவரை எழுப்ப மனமில்லாமல் சோபாவோடு தூக்கிப் புது வீட்டில் வைத்தான். அவர் எழுந்து பழைய வீட்டு நினைவில் குளியலறை என்று அலமாரிக்குள் போனார். எதிர்வீட்டுத் தையற்காரருடைய வீடு காற்றோட்டமில்லாமல் இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கேட்காமலேயே அவருடைய சாமான் அத்தனையையும் காற்றோட்டமான இன்னொருவர் வீட்டுக்கு மாற்றினான். ஆற்றைக் கொஞ்சம் மேற்கே நகர்த்தினால் நகரத்துக்கு எவ்வளவு இடம் மிச்சமாகும் என்று ஆட்களைக் கூட்டி விளக்கினான். கேட்டவர்களில் சிலர் எந்தப் பக்கம் மனை வாங்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். “பிள்ளைன்னா இப்படி இருக்கணும்” என்று அத்தை எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். தையற்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டது சின்னவள்.

பிறகு ஒரு பிற்பகலில், ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தில், இறகு கதவுப்பிடியைப் பிடித்தான். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. பிடியின் கனமல்ல, கையே கனத்துவிட்டது. கூலிக்காரர்கள் அவனை ரஜாயில் சுற்றி, தலைப்பக்கம் ஒருவன் கால்பக்கம் ஒருவனாக, “வளைவு வருது, பார்த்து” என்று குரல் கொடுத்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வேலை அதிகம், சுளுக்கு என்று சொல்லப்பட்டது. மாதங்கள் கழித்து மறுபடி லேசானபோது அவனே அதை மறந்துவிட்டான். வீட்டாரும் மறந்துவிட்டார்கள். சின்னவள் மறக்கவில்லை. அக்கா படுத்திருந்த அதே சுவர்ப்பக்கம் திரும்பி அண்ணனும் படுத்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். இருவர் முகத்திலும் ஒரே முகம் இருந்தது.

குடும்பத்தின் மிகப்பெரிய தவறை யோசித்துச் சொன்னது அத்தைதான். இறகுக்கு எல்லாம் லேசு, மூத்தவளுக்கு எல்லாம் கனம், இரண்டு பேரையும் ஒரே சாமானின் இரண்டு பக்கமும் பிடிக்கவைத்தால் சரிக்குச் சரியாகிவிடும், கொதிக்கிற தண்ணீரில் பச்சைத்தண்ணீரை விளாவுவதுபோல. சின்னவள் வேண்டாம் என்றாள். அவள் தொழிலில் அப்படி ஒரு ஜோடியைக் கனவிலும் அனுப்பமாட்டாள். “நீ நேத்துப் பொறந்தவ” என்றாள் அத்தை. மூத்தவளை எழுப்பி, அழைத்துப்போய், லிஃப்ட் பழுதான ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், கண்ணாடி பதித்த பெரிய அலமாரியின் கால்பக்கத்தில் நிறுத்தினார்கள். குரல் கொடுக்கவேண்டியவள் அவள். அவளுக்கோ வாயைத் திறக்கவும் தெம்பில்லை. அவள் பக்கம் தரையோடு தரையாக இறங்க, இறகின் பக்கம் கூரையை முட்ட, அலமாரி மாடிப்படி திருப்பத்தில் நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஆள் சேர்த்து இழுத்தார்கள், எண்ணெய் ஊற்றினார்கள், அசையவில்லை. குடியிருப்போர் கூடிப் பேசி அதன் முதுகுப் பலகையைக் கழற்றினார்கள். இன்றும் அந்தக் கட்டடத்தில் மேலே போகிறவர்கள் அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து, மீதிப் படி ஏறுகிறார்கள். உள்ளே கொடியில் மாட்டிய குடைகள் மழைக்காலத்தில் வசதியாக இருக்கின்றன.

அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு டாக்டரம்மா குடியிருந்தாள். மனநோய் வைத்தியம் பார்ப்பவள், குடும்பங்களில் அது எப்படி இறங்கி வருகிறது என்று ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். தினமும் அலமாரிக்குள் புகுந்து போய்வந்தவளுக்கு, ஒரு பக்கம் இவ்வளவு ஏறவும் ஒரு பக்கம் இவ்வளவு இறங்கவும் என்ன காரணம் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. வீடு தேடி வந்தாள். மூத்தவளிடம் வெகுநேரம் பேசினாள், இறகு வெகுநேரம் அவளிடம் பேசினான். சம்மதித்த எல்லோரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டாள். முதலாளி மட்டும் வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். வருஷத்தில் சில மாதங்கள் அவர் அப்படிப் போவது வழக்கம். எந்தப் பக்கத்து ரத்தம் குற்றவாளி என்று தெரிந்துவிடும் என்பதால் அத்தை முதல் ஆளாகக் கையை நீட்டினாள்.

முடிவைச் சொல்ல டாக்டரம்மா வந்த அன்று கூடம் நிறைந்திருந்தது. கனமும் லேசும் இரண்டு வேறு சங்கதிகள் அல்ல என்று அவள் சொன்னாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்று சொல்லமாட்டாள், ஆனால் அடியில் வேர்கள் பெரும்பாலும் பின்னிக்கிடக்கின்றன. அதே வேர் ஒருவரைப் படுக்கவைக்கும், ஒருவரைப் பறக்கவிடும், சிலரை மாற்றி மாற்றி இரண்டும் செய்யும், இன்னும் பலரை ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடும். ஒரே ஒரு பெரிய காரணம் கிடையாது. கணக்கில்லாத சின்னச் சின்னக் காரணங்கள், தனித்தனியே எறும்புக் கனம்கூட இல்லாதவை, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்து சேருகின்றன. அதோடு வாழ்க்கை தன் பங்குக்குச் சேர்ப்பதும் இருக்கிறது. மருந்து உண்டு. நிறையப் பேருக்குக் கேட்கும்.

கூடத்தில் முதலில் கோபப்பட்டவன் இறகு. “அவளும் நானும் ஒண்ணா? டாக்டர், அவ நோயாளி. நான் திறமைசாலி.”

“தூக்குறதும் துவளுறதும் ஒரே ஜாதின்னு எந்தப் பள்ளிக்கூடத்துலம்மா சொல்லிக்கொடுத்தாங்க?” என்றாள் அத்தை. “சரி, அத விடுங்க. அண்ணி பக்கம் எவ்வளவு, எங்க பக்கம் எவ்வளவு? அதச் சொல்லுங்க போதும்.”

“ரெண்டு பக்கமும்தாங்க.”

“சரியாப் பார்த்தீங்களா?”

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சிரிக்கத்தான் போனாள், போன இடத்தில் சித்தப்பாவின் மாலை நினைவுக்கு வந்து அழுதுவிட்டு வந்தாள். உள்ளறையிலிருந்து மூத்தவள் சிரிக்கும் சத்தம் கேட்டது, வெகுநாளைக்குப் பிறகு.

டாக்டரம்மாவை வாசல்வரை வழியனுப்பப் போன சின்னவள், “எனக்கு வருமா?” என்று கேட்டாள். ஆம், இல்லை, இரண்டில் ஒன்று போதும் என்றாள். ரத்தத்தைப் பார்த்து ஓர் ஆளுக்கு அப்படிச் சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா. மற்றவர்களைவிட உனக்கு வாய்ப்பு அதிகம், வராமலே போகவும் நிறைய வாய்ப்பு இருக்கிறது. வந்தால் மறைக்காமல் சொல்லு. சின்னவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு படித்தும் டாக்டரம்மா டெலிபோனைவிட அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொட்டகைத் தராசைச் சரிபார்க்கத் தராசுக்காரன் தேவைக்கு மேல் வந்துகொண்டிருந்தான். அவ்வளவு சரியான தராசு அந்த ஊரிலேயே கிடையாது என்னும் நிலை வந்தபோது, எடைக்கல்லைக் கையில் உருட்டிக்கொண்டே, “உங்களுக்கு இஷ்டம்னா எங்க வீட்ல பேசச் சொல்றேன்” என்றான். அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அத்தைக்கு இது எட்டியது. டாக்டரம்மாவின் பேச்சு வாசல் தாண்டக்கூடாது, மருந்து என்று ஒரு மாத்திரை இந்த வீட்டுக்குள் வந்தால் சின்னவளை எவன் கட்டுவான் என்று உத்தரவு போட்டாள். அதை மூத்தவளின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று போட்டாள்.

அதற்குப் பிறகு மூத்தவள் டாக்டரம்மாவைப் பார்க்க மறுத்துவிட்டாள். சூப்பைத் தங்கை ஊட்டினால் பாதி இறங்கும். இமைகளும் கனத்து, ஒருநாளின் பெரும்பகுதி மூடியே இருந்தன. கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

“மூச்சே கனமா இருக்குடி. ஒவ்வொண்ணா இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருக்கு. எதுக்கு இழுக்கிறோம்னு இருக்கு.”

“அக்கா, டாக்டரம்மாவக் கூப்பிடறேன்.”

“வேணாம். எனக்கு வைத்தியம்னா உனக்குக் கல்யாணம் இல்ல. நல்ல பையன். தோள் மட்டும் கொஞ்சம் சாய்வு.”

சின்னவள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அன்று டெலிபோனை எடுத்துப் பார்க்கவில்லை. தன் கல்யாணத்தின் பேரில் அக்கா செத்துக்கொண்டிருக்கிறாள் என்பது புரிந்த பிறகு டெலிபோனின் கனம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அக்காவை எழுந்து வா என்று சொல்ல இந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மதிப்பில்லை. அப்பா சொன்னால் நடக்கும். அப்பாவோ பயணத்தில். அப்போதுதான், எல்லா லாரியும் எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய அவளுக்கு, பழைய லாரி ஒன்று நெடுநாளாகக் கொட்டகையின் கடைசியில் ரிப்பேர் என்று நிற்பது உறைத்தது. அது ரிப்பேராவது எப்போதும் முதலாளி வெளியூர் போகும்போதுதான். மெக்கானிக் அதைத் தொட்டதே இல்லை. வயதான காவல்காரர் மட்டும் அந்தப் பக்கம் டீயோடு போவார், வெறும் டம்ளரோடு வருவார். லாரிக்கா டீ கொடுக்கிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

பின்கதவைத் திறந்தாள். ரஜாய்க் குவியலின் மேல் முதலாளி உட்கார்ந்திருந்தார். வளர்ந்த தாடி. கைக்கடிகாரம் தரையில் கிடந்தது.

“என்னப்பா இது?”

அவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். “சுளுக்கும்மா.”

“எப்போலேருந்து?”

“அந்தப் பளிங்கு மேசையத் தூக்குன வருஷத்துலேருந்து. தூக்கி இறக்குன அடுத்த மாசமே ஆரம்பம்.”

சின்னவள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்காவுக்கும் இதே சுளுக்குதாம்பா. அண்ணனுக்கும் இதுதான். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அக்கா சாப்பிடறதில்ல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்.”

“எப்படி வருவேன்? என்னால என்னையே தூக்க முடியலையே.”

“நம்ம தொழில் என்னப்பா?” என்றாள்.

முதலாளி வாசகம் எழுதியிருந்த பக்கத்துப் பலகையை உள்ளிருந்து பார்த்தார். பிறகு, “மூடாத லாரியிலயே கொண்டுபோ” என்றார். “பார்க்கட்டும்.”

அவள் கொட்டகைக்கு நடுவில் வந்து நின்று, வழக்கமான குரலில் ஆள் பிரித்தாள். ஓர் உருப்படி. நம்ம வீட்டுக்கு. உடையக்கூடியது. கூலிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ரஜாயில் சுற்றி, கயிற்றை இறுக்காமல் கட்டி, தலைக்கடியில் சாக்கு மடித்து, கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்தார்கள். பட்டப்பகலில், ‘எங்கள் கையில் எதுவும் கனமில்லை’ என்று இருபுறமும் எழுதிய லாரியில், அதை எழுதவைத்தவர் சாமானாகத் தெருவில் போனார். கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு வணக்கம் சொன்னார்.

வாசலில் அத்தை நின்றிருந்தாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால், பழக்கதோஷத்தில், “அண்ணனுக்குச் சுளுக்கு!” என்று உரக்கச் சொன்னாள். சொல்லிக்கொண்டே, தானும் ஒரு கை கொடுப்பதுபோல் அவர் மடியிலிருந்த கடிகாரத்தை எடுத்தாள். எடுத்தது கையோடு கீழே போய், அவளையும் இழுத்துக்கொண்டு, வாசல் படியில் உட்காரவைத்துவிட்டது. அத்தை எளிமைக்காக வளையல் போடுவதில்லை என்றும், வீட்டுக்குப் பெரியவள் என்பதால் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிப்பதில்லை என்றும் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் படியில் உட்கார்ந்தபடி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “என்ன பாக்குறீங்க? இப்படி இருக்க எனக்கு மட்டும் ஆசையா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சுளுக்கு என்ற சொல் சுளுக்குக்கு மட்டுமே பயன்பட்டது.

முதலாளியை மூத்தவளின் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அவள் இமையை மெல்ல உயர்த்தினாள்.

“நீங்களுமாப்பா?”

“உனக்கு முன்னாடியே.”

“சொல்லியிருக்கலாமே.”

“வாயும் கனமா இருந்துச்சும்மா.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “நீ டாக்டர்கிட்டப் போ. நானும் வரேன். ஒரே லாரியில போலாம்” என்றார்.

விசாரிக்க வந்த உறவினர்கள் நலம் கேட்டுவிட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்தார்கள். கௌரவம் என்று யாருடனும் கை குலுக்காத, முதலாளியின் தம்பியான சித்தப்பா, தன் கையை மேசைமேல் வைத்துவிட்டு அதை எடுக்க முடியாததைக் காட்டினார். வருஷத்துக்கு ஒருமுறை திடீரென்று வீட்டுச் சுவரை இடித்துப் பெரிதாக்கும் பெரியம்மா மகன், அப்போதெல்லாம் கடப்பாரை ஊதுபத்தி மாதிரி இருக்கும் என்றார். அம்மா தன் சித்தப்பாவின் மாலையைப் பற்றி முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். கனமும் லேசும் எட்டிப்பார்க்காத பாதிப் பேரும் இருந்தார்கள். அவர்கள் தங்களிடம் சொல்ல ஒன்றுமில்லையே என்று கூச்சப்பட்டு மற்றவர்களுக்கு டீ போட்டார்கள்.

மருந்து வேலை செய்ய நாளெடுத்தது. முதல் மாத்திரை மூத்தவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றினார்கள். பிறகு ஒருநாள் போர்வை தானாக விலகியது. கரண்டி முதலில் சுத்தியல் அளவுக்கு இறங்கியது, அப்புறம் சாவிக்கொத்து, கடைசியில் கரண்டி. அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது பிள்ளைகளுக்குக் குனிந்து வரையும் பழக்கம் போக ஒரு பருவம் ஆயிற்று. இறகுதான் கடைசிவரை வீம்பு பிடித்தான். அடுத்த கனத்தில் கதவுப்பிடி மறுபடி அவனைப் பிடித்துக்கொண்ட பிறகு சம்மதித்தான். அவனுக்கு மருந்து வேறு. சரியான பிறகு முதல்நாள் பீரோவைத் தூக்கப் போனவன் கீழே வைத்துவிட்டு, “இவ்வளவு கனமாடா இதெல்லாம்?” என்று கூலிக்காரர்களைப் பார்த்துக் கேட்டான். இத்தனை வருஷம் நீங்கள் இதையா தூக்கினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டான். கொட்டகைக்குச் சக்கர வண்டி வாங்கப்பட்டது. லேசு அவனுக்கு நினைவு வரும், அப்போது முகம் கொஞ்சம் வாடும். அதையும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவான். லாரிகளில் பழைய வாசகத்தை அழித்துவிட்டு மூத்தவள் ‘பார்த்துத் தூக்குவோம்’ என்று எழுதினாள். வாடிக்கையாளர்கள் குறையவில்லை. சோபாவில் தூங்குகிறவர்களுக்கு நிம்மதி.

தராசுக்காரனிடம் சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள், தனக்கும் வரலாம் என்பது உட்பட. அவன் எடைக்கல்லை உருட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எங்க வீட்ல சர்க்கரை” என்றான். “அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, அத்தைக்கு. எனக்கும் வரலாம். பொண்ணு கேட்டுப் போற வீட்ல அத யாரும் சுளுக்குன்னு சொன்னதில்ல.”

பிறகு அவன் மூத்தவளைப் பார்க்கப் போய் வாசலிலேயே நின்றான். “நான் கரண்டிய மட்டும் நிறுத்துப் பார்த்துட்டேங்க” என்றான். “கரண்டிய நல்லாத்தான் நிறுத்தீங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க” என்றாள் அவள். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் எளிமையாக நடந்தது. மாலைகளை அத்தை தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.

வருஷங்கள் போயின. மற்ற வீடுகளில் காலையில் மழை வருமா வெயிலா என்று பேசிக்கொள்வதுபோல் அந்த வீட்டில் கரண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறார்கள். கனம் என்பார் ஒருவர், பரவாயில்லை என்பார் ஒருவர், ரொம்ப லேசாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, அவர் கையிலிருந்து லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சின்னவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. அது முதல்முறை கரண்டியைப் பிடித்தபோது குடும்பமே சுற்றி நின்று பார்த்தது. குழந்தை அதை அத்தையின் மூக்கின்மேல் வீசி எறிந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, குழந்தை என்று அர்த்தம் என்றாள்.

அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷத்தில் ஒருநாள் காலை சின்னவள் டீ டம்ளரை எடுத்தாள். டம்ளர் வரவில்லை. இன்னொருமுறை எடுத்தாள், கொஞ்சம் வந்து மறுபடி மேசையில் உட்கார்ந்தது. எத்தனையோ வருஷம் பயந்து காத்திருந்த விருந்தாளி, கடைசியில் இவ்வளவு சாதாரணமாக வந்து நிற்கிறாரே என்று அவளுக்குத் தோன்றியது.

“கனமா இருக்கு” என்றாள்.

“எவ்வளவு?” என்றான் தராசுக்காரன். அவன் தராசைத் தேடவில்லை.

“ஒரு செங்கல் இருக்கும்.”

“சாயந்தரம் டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வந்துடலாம்” என்று சொல்லிவிட்டு, அவன் டம்ளரின் அடியில் கையைக் கொடுத்துக் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். “மெதுவா, பார்த்து, இன்னும் கொஞ்சம்” என்று அவன் குரல் கொடுக்க, அவள் டீயைக் குடித்து முடித்தாள். பிறகு அவள் பையை அவன் எடுத்துக்கொள்ள, இருவரும் வேலைக்குக் கிளம்பினார்கள். அன்று மேல்மாடியில் ஒரு வீடு காலி செய்ய வேண்டியிருந்தது. அலமாரிக்குள் நுழைந்து போகவேண்டிய கட்டடம் அது. சின்னவள் அலுவலகத்தில் உட்கார்ந்து, டெலிபோனை இரண்டு கையாலும் எடுத்து, இரண்டு ஆட்களையும் ஒரு சக்கர வண்டியையும் அனுப்பினாள்.